வழங்கியின் உள்ளமைந்த பிணையத் துறைகள்

வழங்கியின் உள்ளமைந்த பிணையத் துறைகள் என்பன, ஒரு வழங்கிக் கணினியின் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டு, அக்கணினியைப் பிணையத்துடன் இணைக்கப் பயன்படும் வன்பொருள் இணைப்பிகள் ஆகும். தனியாக அட்டை எதனையும் செருகாமலே வழங்கி பிணையத்தில் இயங்க இவை வழி செய்கின்றன. பெரும்பாலான வழங்கிகளில் இரண்டு அல்லது நான்கு தரவுத் துறைகளும், தொலைவிலிருந்து வழங்கியைக் கட்டுப்படுத்த உதவும் ஒரு மேலாண்மைத் துறையும் காணப்படும். இவற்றைச் சரியான கம்பியால் சரியான இடத்தில் இணைப்பதும், இயங்குதளத்தில் முகவரி முதலியவற்றை அமைப்பதும் வழங்கி நிருவாகத்தின் அடிப்படைப் பணிகளாகும்.

துறை என்னும் சொல் கணினியியலில் இரு பொருள்களில் வழங்குகிறது. இக்கட்டுரையில் அது கம்பியைச் செருகும் வன்பொருள் இணைப்பியைக் குறிக்கிறது. இணைய வழங்கியின் 80 ஆம் துறை, அஞ்சல் வழங்கியின் 25 ஆம் துறை என்று கூறப்படுபவை டிசிபி, யுடிபி நெறிமுறைகளில் பயன்படும் எண்கள் மட்டுமே. அவற்றுக்குப் பருப்பொருள் வடிவம் இல்லை.

வரலாறு

உள்ளமைந்த துறைகள் பெரும்பாலும் ஈத்தர்நெட் தொழினுட்பத்தைச் சார்ந்தவை. ஈத்தர்நெட் 1973 இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவானது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் இதன் முன்னோடிகள். 1980 இல் டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைந்து நொடிக்கு 10 மெகாபிட் வேகம் கொண்ட விவரக்குறிப்பை வெளியிட்டன. 1983 இல் ஐ.இ.இ.இ அமைப்பு 802.3 என்னும் சீர்தரத்தை ஏற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் பிணைய இணைப்புக்கென்று தனி அட்டை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. முறுக்கு இணைக் கம்பியில் இயங்கும் ஈத்தர்நெட் 1990 இல் சீர்தரமான பின்னர் தடித்த ஓரச்சுக் கம்பிகள் படிப்படியாக மறைந்தன. 1995 இல் 100 மெகாபிட் வேகமும், 1999 இல் செப்புக் கம்பிவழி 1 கிகாபிட் வேகமும், 2006 இல் செப்புக் கம்பிவழி 10 கிகாபிட் வேகமும் சீர்தரங்களாயின. பிணையக் கட்டுப்படுத்திச் சில்லுகளின் விலையும் அளவும் குறைந்ததால் அவை தாய்ப்பலகையிலேயே இடம்பெறத் தொடங்கின. அண்மைக்கால வழங்கிகள் பலவற்றில், தேவைக்கேற்ப மாற்றக்கூடிய சிறு பிணைய அட்டைக்கென்று தாய்ப்பலகையில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. பயன்பாட்டளவில் இதுவும் உள்ளமைந்த துறையாகவே கொள்ளப்படுகிறது.

துறைகளின் வகைகள்

* செப்புத் துறை: ஆர்ஜே-45 என்று பரவலாக அழைக்கப்படும் எட்டு முனை இணைப்பியைக் கொண்டது. 1 கிகாபிட் வேகத்திற்கு 5இ வகைக் கம்பியில் 100 மீட்டர் வரை இணைக்கலாம். 10 கிகாபிட் வேகத்திற்கு 6 ஆம் வகைக் கம்பியில் ஏறத்தாழ 55 மீட்டரும், 6ஏ வகைக் கம்பியில் 100 மீட்டரும் எல்லையாகும்.
* ஒளியிழைத் துறை: எஸ்எஃப்பி அல்லது எஸ்எஃப்பி பிளஸ் எனப்படும் கூடு மட்டுமே வழங்கியில் இருக்கும். அதனுள் தகுந்த செருகியைப் பொருத்த வேண்டும். 10 கிகாபிட் குறுந்தொலைவுச் செருகி ஓஎம்3 வகை ஒளியிழையில் 300 மீட்டர் வரையும், நெடுந்தொலைவுச் செருகி ஒற்றைப்பாங்கு ஒளியிழையில் 10 கிலோமீட்டர் வரையும் செயற்படும். ஒரே அடுக்குச் சட்டத்துக்குள் இணைக்க இரு முனையிலும் செருகி பொருத்தப்பட்ட செப்புக் கம்பி மலிவானது.
* மேலாண்மைத் துறை: தோற்றத்தில் செப்புத் தரவுத் துறையைப் போன்றதே. ஆனால் இது இயங்குதளத்துடன் இணைந்ததன்று. தாய்ப்பலகையில் தனியாக இயங்கும் மேலாண்மைக் கட்டுப்படுத்தியுடன் இணைந்தது.
* தொடர் முனையத் துறை: சில வழங்கிகளில் இதுவும் ஆர்ஜே-45 வடிவில் இருக்கும். சன் நிறுவனத்தின் வழங்கிகள் பலவற்றில் தரவுத் துறைகள் நெட் 0, நெட் 1 என்றும், மேலாண்மைத் துறை நெட் எம்ஜிடி என்றும், தொடர் முனையத் துறை செர் எம்ஜிடி என்றும் குறிக்கப்பட்டன. வடிவம் ஒன்றாக இருந்தாலும் தொடர் முனையத் துறையில் ஈத்தர்நெட் கம்பியைச் செருகினால் இணைப்புக் கிடைக்காது.

கம்பி இணைத்தல்

வழங்கியை அடுக்குச் சட்டத்தில் பொருத்தியதும் ஒவ்வொரு துறையின் மாக் முகவரியையும் குறித்துக்கொள்வது முதற்பணியாகும். மாக் முகவரி 48 பிட் நீளமுடையது. அதன் முதல் 24 பிட்டுகள் பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும். பல வழங்கிகளில் இம்முகவரிகள் இழுத்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறு பட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அடுக்குச் சட்டத்தில் ஏற்றிய பிறகு அடிப்பகுதியில் உள்ள ஒட்டியைப் படிக்க இயலாது என்பதால் இதனை முன்பே செய்வது நன்று.

கம்பியின் இரு முனைகளிலும் ஒரே பெயர்ச்சீட்டை ஒட்டுதல் வேண்டும். எந்த வழங்கியின் எத்துறை, சுவிட்ச் எனப்படும் பிணைய நிலைமாற்றியின் எத்துறையில் முடிகிறது என்பது அதில் இருந்தால் போதும். பழுது நேரும்போது, நாற்பது கம்பிகளுக்கிடையே தவறான ஒன்றைப் பிடுங்கி இயங்கிக் கொண்டிருக்கும் வேறொரு வழங்கியை நிறுத்திவிடும் ஆபத்தை இப்பெயர்ச்சீட்டே தவிர்க்கிறது.

100 மெகாபிட் ஈத்தர்நெட் கம்பியில் உள்ள நான்கு இணைகளில் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறது. 1 கிகாபிட் ஈத்தர்நெட்டுக்கு நான்கு இணைகளும் தேவை. எனவே 1 கிகாபிட் துறை 100 மெகாபிட்டில் மட்டுமே இணைகிறது எனில், கம்பியில் ஓர் இணை அறுந்திருக்கலாம் என்று முதலில் ஐயுறல் வேண்டும். துறையின் மேலுள்ள விளக்குகளில் ஒன்று இணைப்பையும் தரவு ஓட்டத்தையும், மற்றது வேகத்தையும் காட்டுவது வழக்கம். நிறங்களின் பொருள் தயாரிப்பாளருக்கேற்ப மாறும்.

வழங்கியில் இரண்டு தரவுத் துறைகள் இருப்பின் அவற்றை இரு வேறு சுவிட்சுகளில் இணைப்பது பாதுகாப்பானது. இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்தால் கம்பியோ துறையோ பழுதடையும்போது மட்டுமே பயன் கிட்டும். சுவிட்சே நின்றுவிட்டால் இரண்டாவது கம்பியால் பயனில்லை.

துறைகளுக்குப் பெயரிடுதல்

வன்பொருளின் மேல் 1, 2 என்று எழுதப்பட்டிருக்கும் துறைகளும், இயங்குதளம் அவற்றுக்குத் தரும் பெயர்களும் ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவேயாகும்.

லினக்ஸ் இயங்குதளம் நெடுங்காலம் ஈத்0, ஈத்1 என்று, கருனி கண்டறிந்த வரிசையில் பெயரிட்டு வந்தது. புதிய அட்டை ஒன்றைச் சேர்த்தாலோ, இயக்கிகள் ஏற்றப்படும் வரிசை மாறினாலோ பெயர்களும் இடம் மாறின. உட்பிணையத்துக்கு உரிய முகவரி வெளிப்பிணையத் துறைக்குச் சென்றுவிடுதலும், தீச்சுவர் விதிகள் தவறான துறையில் செயற்படுதலும் இதனால் நேர்ந்தன. 2011 இல் ஃபெடோரா 15, உள்ளமைந்த துறைகளை ஈஎம்1, ஈஎம்2 என்று பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. 2013 இல் சிஸ்டம்டி 197 ஆம் பதிப்பு, துறை அமைந்துள்ள இடத்தை ஒட்டிப் பெயரிடும் முறையை அறிமுகப்படுத்தியது. இதன்படி ஈஎன்ஓ1 என்பது முதலாவது உள்ளமைந்த துறை. ஈஎன்எஸ்1 என்பது முதலாவது செருகுவாயில் உள்ள அட்டை. நிலைபொருள் தரும் வரிசை எண்ணே உள்ளமைந்த துறையின் பெயரில் இடம்பெறுகிறது.

சொலாரிசு இயங்குதளத்தில் முன்னர் இயக்கியின் பெயரே துறையின் பெயராக அமைந்தது. 2011 இல் வெளியான சொலாரிசு 11 இலிருந்து நெட்0, நெட்1 என்னும் பொதுப்பெயர்கள் இயல்பாயின.

பெயரில் ஐயம் எழுந்தால் தீர்க்க இரு எளிய வழிகள் உள்ளன. ஒன்று, முன்பே குறித்துவைத்த மாக் முகவரியுடன் ஒப்பிடுதல். மற்றது, லினக்சில் ஈத்டூல் என்னும் கருவியைக் கொண்டு குறிப்பிட்ட துறையின் விளக்கைச் சில நொடிகள் சிமிட்டச் செய்து, வழங்கியின் பின்புறம் சென்று பார்த்தல். இரண்டாவது வழிக்கு அந்த வன்பொருளின் இயக்கி இவ்வசதியை ஏற்க வேண்டும்.

முகவரி அமைத்தல்

ஒரு தரவுத் துறைக்குப் பொதுவாக நான்கு விவரங்கள் தேவை: ஐபி முகவரி, துணைப்பிணைய மறைப்பு, இயல்புநிலை நுழைவாயில், பெயர் வழங்கியின் முகவரி. எடுத்துக்காட்டாக, 192.168.10.20 என்னும் முகவரியும் 255.255.255.0 என்னும் மறைப்பும் தரப்பட்டால், 192.168.10.1 முதல் 192.168.10.254 வரையுள்ள 254 முகவரிகளை வழங்கி நேரடியாக அணுகும். ஏனையவற்றுக்கான பொதிகளை நுழைவாயிலுக்கு அனுப்பும்.

வழங்கியைப் பிறர் தேடி வருவதால் அதன் முகவரி மாறாதிருத்தல் வேண்டும். இதற்காக முகவரியை வழங்கியிலேயே நிலையாக எழுதிவைக்கலாம். அல்லது டிஎச்சிபி வழங்கியில், குறிப்பிட்ட மாக் முகவரிக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரியைத் தருமாறு ஒதுக்கீடு செய்யலாம். இரண்டாவது முறையில் நூற்றுக்கணக்கான வழங்கிகளின் முகவரிகளை ஓரிடத்திலேயே பேணலாம். ஆனால் தாய்ப்பலகை மாற்றப்பட்டால் மாக் முகவரியும் மாறும் என்பதால் ஒதுக்கீட்டையும் மாற்ற வேண்டும்.

பல துறைகள் உள்ள வழங்கிகளில் அடிக்கடி நேரும் பிழைகள் பின்வருமாறு:

* இரு துறைகளிலும் இயல்புநிலை நுழைவாயில் தருதல். ஒரு துறையில் வந்த கோரிக்கைக்கு மற்றொரு துறைவழி விடை சென்று, இடையிலுள்ள தீச்சுவர் அதனைத் தடுத்துவிடலாம். பொதுவாக ஒரு துறைக்கு மட்டும் நுழைவாயில் தந்து, மற்றதற்குத் தேவையான பாதைகளைத் தனித்தனியே எழுத வேண்டும்.
* இரு துறைகளுக்கும் ஒரே துணைப்பிணையத்தின் முகவரிகளைத் தருதல். லினக்சின் இயல்புநிலை அமைப்பில் ஒரு துறையின் முகவரிக்கான வினாவுக்கு மற்றத் துறையும் விடையளிக்கக்கூடும். இதனால் ஒரு கம்பியைப் பிடுங்கினால் நிற்க வேண்டிய போக்குவரத்து நிற்காமலும், நிற்கக் கூடாதது நின்றும் குழப்பும்.
* வேகத்தை ஒரு முனையில் மட்டும் கட்டாயப்படுத்துதல். ஒரு முனை 100 மெகாபிட் முழு இருவழி என்று நிலைநிறுத்தப்பட்டு, மறுமுனை தானியங்கி இணக்கத்தில் இருந்தால், மறுமுனை அரை இருவழிக்கு இறங்கிவிடும். இணைப்பு இருப்பதாகவே தோன்றும், ஆனால் சுமை ஏறியதும் வேகம் பெரிதும் வீழும். செப்புக் கம்பிவழி 1 கிகாபிட் இணைப்புக்குத் தானியங்கி இணக்கம் கட்டாயமானது.
* பெருஞ்சட்டகத்தை அரைகுறையாக இயக்குதல். ஈத்தர்நெட் சட்டகம் வழக்கமாக 1500 பைட் தரவைச் சுமக்கும். சேமிப்புப் பிணையங்களில் இதனை 9000 ஆக உயர்த்துவதுண்டு. வழங்கியில் மட்டும் உயர்த்தி, இடையிலுள்ள சுவிட்சில் உயர்த்தாவிட்டால் பிங் சோதனை வெற்றி பெறும், பெரிய கோப்புகளோ பாதியில் நின்றுவிடும்.

இயங்குதளங்களில் அமைத்தல்

லினக்சில் ஐபி என்னும் கட்டளை மூலம் தரப்படும் முகவரி உடனே செயற்படும். ஆனால் வழங்கியை மீளத் தொடக்கினால் மறைந்துவிடும். நிலையாக இருக்க வேண்டுமெனில் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். இக்கோப்பு வழங்கலுக்கு வழங்கல் வேறுபடும். டெபியனில் மரபாக இன்டர்ஃபேசஸ் என்னும் ஒரே கோப்பு பயன்படுகிறது. உபுண்டு 2017 இல் வெளியான 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் முறைக்கு மாறியது. இதன் கோப்பில் வரிகளின் உள்தள்ளலே பொருளைத் தீர்மானிப்பதால் ஓர் இடைவெளி பிழைத்தாலும் அமைப்பு ஏற்கப்படாது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 2022 இல் வெளியான 9 ஆம் பதிப்பிலிருந்து, பழைய கோப்பு வடிவத்தை விடுத்து, நெட்வொர்க் மேனேஜரின் சொந்த வடிவத்தை இயல்பாகக் கொண்டது.

விண்டோஸ் வழங்கிகளில் வரைகலை இடைமுகம் வழியாகவோ, பவர்செல் கட்டளைகள் வழியாகவோ அமைக்கலாம். இங்கு தரப்படும் முகவரி இயல்பாகவே நிலைத்திருக்கும்.

துறைகளைப் பிணைத்தல்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளை ஒரே தருக்கத் துறையாகச் செயற்படச் செய்வது பிணைத்தல் எனப்படும். லினக்ஸ் கருனியில் இதற்கு ஏழு பாங்குகள் உள்ளன. அவற்றுள் இரண்டு பெருவழக்காக உள்ளன.

* முதன்மை–காப்புப் பாங்கு: ஒரு துறை மட்டுமே இயங்கும். அது பழுதடைந்தால் மற்றது பொறுப்பேற்கும். சுவிட்சில் தனி அமைப்பு எதுவும் தேவையில்லை. இரு தனித்தனிச் சுவிட்சுகளில் இணைக்க ஏற்றது.
* எல்ஏசிபி பாங்கு: எல்லாத் துறைகளும் ஒருங்கே இயங்கும். 2000 இல் 802.3ஏடி என்னும் சீர்தரமாக வந்து, 2008 இல் 802.1ஏஎக்ஸ் என்று பெயர் மாறியது. சுவிட்சிலும் இதற்கான அமைப்பைச் செய்ய வேண்டும்.

இரண்டு 1 கிகாபிட் துறைகளைப் பிணைத்தால் ஒரு கோப்பு 2 கிகாபிட் வேகத்தில் நகரும் என்று கருதுவது பிழையாகும். எல்ஏசிபி முறையில் ஓர் இணைப்பின் பொதிகள் வரிசை மாறாதிருக்க ஒரே துறை வழியே அனுப்பப்படுகின்றன. பலர் ஒரே நேரத்தில் அணுகும்போதுதான் மொத்தக் கொள்ளளவு கூடுகிறது.

பிணைத்தலும் பாலம் அமைத்தலும் வெவ்வேறானவை. இரு துறைகளுக்கிடையே பாலம் அமைத்து, இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்தால் வளையம் உண்டாகும். வளையங்களைத் தடுக்கும் நெறிமுறை இயங்காத பிணையத்தில், பரப்புச் சட்டகங்கள் இவ்வளையத்தில் முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் பிணையம் முழுவதையும் முடக்கக்கூடும்.

மேலாண்மைத் துறையும் பாதுகாப்பும்

மேலாண்மைக் கட்டுப்படுத்தி என்பது வழங்கிக்குள் இருக்கும் மற்றொரு சிறு கணினி ஆகும். இதற்குத் தனிச் செயலியும், நினைவகமும், ஐபி முகவரியும் உண்டு. மின்கம்பி செருகப்பட்டிருந்தால் போதும், வழங்கி அணைக்கப்பட்டிருந்தாலும் இது இயங்கும். இதன்மூலம் வழங்கியைத் தொடக்கவும், நிறுத்தவும், திரையைக் காணவும், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவவும் இயலும். எச்பி வழங்கிகளில் ஐலோ என்றும், டெல் வழங்கிகளில் ஐடிராக் என்றும், சன் வழங்கிகளில் ஐலாம் என்றும் இது அழைக்கப்பட்டது. இவற்றுக்கான பொது இடைமுகமாக ஐபிஎம்ஐ 1998 இல் வெளியானது. அதன் 2.0 பதிப்பு 2004 இல் வந்தது. இதற்கு மாற்றாக ரெட்ஃபிஷ் என்னும் சீர்தரம் 2015 இல் வெளியிடப்பட்டது.

இத்தகைய ஆற்றலே இதனை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. மேலாண்மைத் துறையை வசப்படுத்தியவர், வழங்கியின் முன் நேரில் அமர்ந்திருப்பவருக்கு நிகரானவர். இயங்குதளத்தின் தீச்சுவரோ கடவுச்சொல்லோ அவரைத் தடுப்பதில்லை. 2013 இல் டான் ஃபார்மர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் ஐபிஎம்ஐ நெறிமுறையின் குறைகளை விரிவாக வெளிக்கொணர்ந்தார். ஐபிஎம்ஐ 2.0 இல், புகுபதிகை முடியும் முன்னரே, பயனரின் கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்பட்ட மறைகுறி கேட்பவருக்கு அனுப்பப்படுகிறது. அதனைக் கொண்டு கடவுச்சொல்லை ஆற அமர ஊகித்துக் கண்டறியலாம். இது நெறிமுறையிலேயே உள்ள குறை என்பதால் மென்பொருள் இற்றைப்படுத்தலால் முற்றிலும் நீங்குவதன்று. அதே ஆண்டு சூலையில் அமெரிக்க அரசின் கணினி அவசரநிலை அமைப்பும் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. ஒரே இயல்புநிலைக் கடவுச்சொல்லுடன் கருவிகள் விற்கப்படுவதைத் தடுக்கும் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2020 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

பலர் அறியாத மற்றொன்றும் உண்டு. மேலாண்மைத் துறையில் கம்பியைச் செருகாமல் விட்டுவிட்டால் அது செயலற்றிருக்கும் என்று கருதக் கூடாது. சில வழங்கிகளில், தனித் துறையில் இணைப்பு இல்லாதபோது மேலாண்மைக் கட்டுப்படுத்தி முதலாவது தரவுத் துறையைத் தானே பகிர்ந்துகொள்ளும். அத்தரவுத் துறை இணையத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால், நிருவாகி அறியாமலே மேலாண்மை இடைமுகமும் இணையத்தில் திறந்துவிடும்.

எனவே பின்வருவன கடைப்பிடிக்கப்பட வேண்டும்:

* முதல் நாளிலேயே இயல்புநிலைக் கடவுச்சொல்லை மாற்றுதல்.
* மேலாண்மைத் துறைகளைத் தனிப் பிணையத்திலோ தனி விலேனிலோ வைத்தல். இணையத்திலிருந்து அணுகக்கூடிய முகவரியை அவற்றுக்குத் தராதிருத்தல்.
* துறைப் பகிர்வு அமைப்பைத் தனித் துறை மட்டும் என்று மாற்றுதல்.
* தேவையில்லையெனில் பிணையவழி ஐபிஎம்ஐ வசதியை நிறுத்துதல். இது யுடிபி 623 ஆம் எண்ணில் இயங்குகிறது.
* மேலாண்மைக் கட்டுப்படுத்தியின் நிலைபொருளையும் இற்றைப்படுத்துதல்.

தொலைவிலிருந்து மாற்றுதல்

இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கியின் பிணைய அமைப்பைப் பிணையம் வழியாகவே மாற்றுவது, அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்கு ஒப்பானது. மறைப்பில் ஓர் எண் பிழைத்தாலும் தொடர்பு அறுந்து, வழங்கி இருக்கும் ஊருக்கே செல்ல நேரிடும். மேலாண்மைத் துறை முன்பே சரியாக அமைக்கப்பட்டிருந்தால் அதன்வழி திரையைப் பெற்றுப் பிழையைத் திருத்தலாம். அவ்வசதி இல்லாதபோது, பழைய அமைப்பைப் படியெடுத்து வைத்து, சில நிமிடங்களில் அதனைத் தானாகவே மீட்கும்படி ஒரு பணியைத் திட்டமிட்டுவிட்டு மாற்றத்தைச் செய்வது வழக்கம். புதிய அமைப்பு செயற்படுவது உறுதியானதும் அப்பணியை நீக்கிவிடலாம். நெட்பிளானில் இதற்கெனவே சோதனைக் கட்டளை உள்ளது. 120 நொடிகளுக்குள் உறுதி செய்யாவிடில் அது பழைய அமைப்புக்குத் திரும்பும்.

பழுதறிதல்

பழுதைக் கீழிருந்து மேலாகத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. இணைப்பு விளக்கு எரிகிறதா? எரியாவிடில் கம்பி, செருகி, சுவிட்ச் துறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சுவிட்ச் துறை நிருவாகியால் முடக்கப்பட்டிருக்கவும் கூடும்.
2. வேகமும் இருவழி நிலையும் எதிர்பார்த்தபடி உள்ளனவா? பிழை எண்ணிக்கை ஏறுகிறதா?
3. கம்பி செருகப்பட்ட துறைக்குத்தான் முகவரி தரப்பட்டுள்ளதா? மாக் முகவரி பொருந்துகிறதா?
4. சுவிட்ச் துறை சரியான விலேனில் உள்ளதா?
5. நுழைவாயிலின் மாக் முகவரி அறியப்பட்டுள்ளதா? அறியப்பட்டிருப்பின் உள்ளூர்ப் பிணையம் வரை இணைப்பு உள்ளது என்று பொருள். நுழைவாயில் பிங் சோதனைக்கு விடையளிக்காதிருப்பது மட்டும் பழுதன்று.
6. வெளிமுகவரி எண்ணை அணுக முடிந்து, பெயரால் அணுக முடியவில்லையெனில், பெயர் வழங்கியின் அமைப்பில் பிழை உள்ளது.
7. எல்லாம் சரியாக இருந்தும் சேவை கிடைக்கவில்லையெனில், தீச்சுவரையும், அச்சேவை எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஈத்தர்நெட்
* ஐபி முகவரி
* டிஎச்சிபி
* வழங்கி
* தீச்சுவர்